ஐந்து பேருக்கு அப்பால் ஒரு டாக்டர்

இந்த வாரக் கதை நடக்கிற இடம் புடாபெஸ்ட், வியன்னா, ஸ்டாக்ஹோம். வருஷம் 1936. ஆனா நான் இந்தக் கதைக்குள்ள வந்து விழுந்தது சென்னையில ஒரு ரத்த வங்கி வாசல்ல. அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பெரியம்மாவுக்கு மூளையில கட்டின்னு கண்டுபிடிச்சாங்க. பின்மண்டையில, சிறுமூளையை அழுத்திக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ஆறு மாசமா சுவரைப் பிடிச்சுக்கிட்டுதான் நடந்தாங்க. நாங்க எல்லாரும் மூட்டுவலின்னு நினைச்சு தைலம் வாங்கிக் கொடுத்துக்கிட்டு இருந்தோம். ஆபரேஷனுக்குத் தேதி குறிச்ச அன்னைக்கே, "நாலு யூனிட் ரத்தம், ஓ நெகட்டிவ், ஆளுங்களை ஏற்பாடு பண்ணிடுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

மூணு யூனிட்டுக்கு எப்படியோ ஆள் கிடைச்சிடுச்சு. நாலாவதுக்குக் கிடைக்கல. நான் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் தட்டி, இருக்கிற எல்லா குரூப்லயும் போட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன். மறுநாள் காலையில ஏழரை மணிக்கு ரத்த வங்கி வாசல்ல ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு பையன் நிக்கிறான். பூந்தமல்லியிலிருந்து வண்டியில வந்திருக்கான். ரத்தம் கொடுத்தான், ஒரு ஜூஸ் குடிச்சான், வேலைக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டான்.

அவன் யார்னு அப்புறம்தான் விசாரிச்சேன். என் காலேஜ் தோழி, அவளோட அண்ணன், அந்த அண்ணனோட டீம்ல வேலை பார்க்கிற ஒருத்தர், அவரோட ரூம்மேட்தான் இந்தப் பையன். எனக்கும் அவனுக்கும் நடுவுல மூணே பேர்.

இன்ஜினியரிங் மூளை சும்மா இருக்குமா? "ஆறு படி தூரத்துல உலகமே இருக்கு"ன்னு சொல்வாங்களே, அந்த யோசனை முதல்ல யாருக்கு வந்துச்சுன்னு அன்னைக்கு ராத்திரி ஐசியூ வாசல்ல உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். அப்போ கிடைச்ச பேர்தான் ஃப்ரிஜெஷ் கரிந்தி. அவரும் சிறுமூளைக் கட்டிக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர்னு அடுத்த பக்கத்துல படிச்சதும் எனக்குத் தூக்கம் போயிடுச்சு.

விளையாட்டாக வந்த கணக்கு

கரிந்தி 1887-ல் புடாபெஸ்டில் பிறந்த ஹங்கேரிய எழுத்தாளர். அந்த ஊரில் அவர் பெரிய ஸ்டார். மற்ற எழுத்தாளர்களின் நடையை அப்படியே கிண்டலடித்து 1912-ல் அவர் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு, தெருவில் போனால் ஆட்டோகிராஃப் கேட்கும் அளவுக்குப் புகழ். நகைச்சுவை, சிறுகதை, நாடகம், பத்திரிகைக் கட்டுரை என்று எல்லாம் எழுதினார். வின்னி த பூ கரடியை ஹங்கேரிய மொழிக்குக் கொண்டுவந்ததும் இவர்தான். சம்பாதித்தது கையில் தங்காது. எழுதுவது, பேசுவது, கடன் வாங்குவது எல்லாமே காபி கடையில்தான்.

1929-ல் 'சங்கிலிக் கண்ணிகள்' என்ற அர்த்தம் வரும் தலைப்பில் ஒரு சின்னக் கதை எழுதினார். அதில் நண்பர்கள் கூடி ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். உலகத்தில் அன்றைக்கு இருந்ததாக அவர்கள் எடுத்துக்கொள்ளும் 150 கோடி பேரில் யாரை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதிகபட்சம் ஐந்து பேர் வழியாக அவரைத் தொட்டுவிடலாம். இதுதான் பந்தயம்.

ஒருவர் செல்மா லாகர்லாஃப் பெயரைச் சொல்கிறார். இலக்கிய நோபல் வாங்கிய முதல் பெண், ஸ்வீடன்காரர். கதைசொல்லி உடனே பதில் சொல்கிறான். அவருக்கு நோபல் பரிசைக் கையில் கொடுத்தவர் ஸ்வீடன் மன்னர். மன்னருக்கு டென்னிஸ் பைத்தியம். அவரோடு ஆடிய ஹங்கேரிய டென்னிஸ் சாம்பியன் எனக்குத் தெரிந்தவர். அவ்வளவுதான், ஸ்டாக்ஹோம் வந்தாச்சு!

எங்க பாஷையில சொன்னா இது ஒரு கிராஃப் பிரச்சினை. ஆளுங்க எல்லாம் புள்ளிகள், பழக்கம் எல்லாம் கோடுகள், குறுக்குவழி எதுன்னு கண்டுபிடிக்கணும். கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல, காபி கடையில உட்கார்ந்து ஒரு காமெடி எழுத்தாளர் யோசிச்சிருக்கார்.

ஸ்வீடன்ங்கிற ஊரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஏழு வருஷம் கழிச்சு அவர் நிஜமாவே அங்க போய்ச் சேர வேண்டியிருந்துச்சு.

ரயில் இல்லாத ஊரில் ரயில் சத்தம்

1936 மார்ச் மாதம் ஒரு மாலை. கரிந்தி வழக்கமாக உட்காரும் காபி கடையில் இருக்கிறார். திடீரென்று ஒரு ரயில் கிளம்பும் பேரிரைச்சல். நிமிர்ந்து பார்க்கிறார். சத்தம் தேய்ந்து போகிறது. உடனே அடுத்த ரயில். பிறகு இன்னொன்று. சுற்றி இருப்பவர்கள் பாட்டுக்குக் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தெருவில் ரயிலே கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. அடுத்தடுத்த நாட்களிலும் மாலையில் அதே நேரத்துக்கு அதே ரயில்கள் வந்தன.

அதன்பின் தலைவலி, மயக்கம், வாந்தி, தள்ளாட்டம். எழுத்துகள் மங்க ஆரம்பித்தன. முதலில் பார்த்த டாக்டர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் மனைவி அரங்கா பேம் ஒரு மருத்துவர். அந்தச் சமயத்தில் வியன்னாவில் மனநோய், நரம்பியல் சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தார். கரிந்தியின் முதல் மனைவி 1918-ல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் இறந்துவிட்டார். அரங்கா இரண்டாவது மனைவி. இவர்கள் சண்டை புடாபெஸ்ட் இலக்கிய வட்டத்தில் பிரசித்தம். நாலு பேர் முன்னால் காபி கடையிலேயே நடக்கும். 'அன்பான துணை'ன்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற போட்டோ இவங்களுக்குப் பொருந்தாது. எங்க பெரியப்பா, பெரியம்மாவுக்கும் பொருந்தாது. அதை அப்புறம் சொல்றேன்.

வியன்னாவுக்கு மனைவியைப் பார்க்கப் போன கரிந்தி, அந்த மருத்துவமனையில் மூளைக் கட்டியுள்ள ஒரு நோயாளியைப் பார்க்கிறார். கண்ணாடியில் தன்னையே பார்த்த மாதிரி இருக்கிறது அவருக்கு. எனக்கும் இதுதான் என்கிறார். எடுத்த எடுப்பில் யாரும் நம்பவில்லை. ஆனால் கண்ணைச் சோதித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்துவிட்டது.

கண்ணுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சிடி ஸ்கேன்ல முதல் நோயாளியைப் பார்த்ததே 1971-லதான். எம்ஆர்ஐ அதுக்கும் அப்புறம். 1936-ல மண்டைக்குள்ள எட்டிப் பார்க்க இருந்த முக்கியமான ஜன்னல்கள்ல ஒண்ணு கண்ணு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் உருவாக்கின கருவி வழியா கண்ணோட பின்திரையைப் பார்க்கலாம். மூளைக்குள்ள அழுத்தம் ஏறினா பார்வை நரம்பு நுழையிற இடம் வீங்கித் தெரியும். கரிந்திக்கு வீங்கியிருந்துச்சு. அப்படியே விட்டா முதல்ல பார்வை போகும், அப்புறம் உயிர் போகும்.

சங்கிலி நிஜமாகிறது

மூளைக் கட்டியை எடுப்பது அன்றைக்கு எவ்வளவு புதுசு என்று புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போகணும். 1884 நவம்பரில் லண்டனில் ரிக்மன் காட்லீ என்ற அறுவை மருத்துவர், நோயாளியின் அறிகுறிகளை மட்டும் வைத்து இடத்தைக் கணித்து, ஒரு கட்டியை வெளியே எடுத்தார். கட்டி சரியாக அங்கேதான் இருந்தது. ஆனால் நோயாளி ஒரு மாதத்துக்குள் தொற்றால் இறந்துபோனார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் முப்பது வருஷம் போராடி இந்த வேலையை ஒரு முறையான துறையாக மாற்றினார். ரத்தக்குழாயை அடைக்க வெள்ளிக் கிளிப், 1926-லிருந்து மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி, அவசரமே இல்லாத நிதானமான கை. 1931-க்குள் 2,000 கட்டிகளைத் தாண்டியிருந்தார்.

அந்தப் பாணியில் ஐரோப்பாவில் வேலை செய்தவர்களில் முன்னணியில் இருந்தவர் ஹெர்பர்ட் ஒலிவெக்ரோனா. இடம் ஸ்டாக்ஹோமின் செராஃபிமர் மருத்துவமனை. வியன்னாவிலிருந்து கை காட்டப்பட்ட பெயரும் அதுதான்.

இப்போ பாருங்க. காபி கடைக்கே கடன் வைக்கிற மனுஷன். பார்வை மங்கிக்கிட்டு வருது. போக வேண்டிய ஊர் ஐரோப்பாவோட இன்னொரு கோடி. சங்கிலி வேலை செஞ்சாதான் உண்டு.

செய்தது. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதினார். நண்பர்கள் பயணத்துக்கும் சிகிச்சைக்கும் பணம் சேர்த்தார்கள். அரங்கா படிப்பை அப்படியே போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினார். இந்தத் தடவை நிஜமான ரயிலில் ஏறி, கரிந்தி ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தார். ஏழு வருஷம் முன்னால் விளையாட்டில் சுலபமாகத் தொட்ட அதே ஊர்.

1936 மே மாதம் ஆபரேஷன். குப்புறப் படுத்த நிலையில், முழு மயக்கம் கொடுக்காமல், தலைத்தோலுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி. அன்றைய மயக்க மருந்துகள் மூளைக்குள் அழுத்தத்தைக் கூட்டிவிடும் என்பதால் பல இடங்களில் இப்படித்தான் செய்தார்கள். மூளைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால் வலிக்காது. ஆனால் காது கேட்கும். தன் மண்டையைத் துளைக்கும் கருவியின் சத்தத்தையும், எலும்பு பெயரும் சத்தத்தையும் அவர் கேட்டுக்கொண்டே கிடந்தார். இடையில் ஒரு கட்டத்தில், தான் உடம்பை விட்டு மிதந்து எழுந்து, மேலே இருந்து தன் திறந்த மண்டையையே பார்ப்பதுபோல ஒரு தோற்றம் வந்ததாகப் பிறகு எழுதினார். சிறுமூளையில் ரத்தக்குழாய்களால் ஆன ஒரு கட்டி. ஒலிவெக்ரோனா அதை எடுத்துவிட்டார். பார்வை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

மறு வருஷமே, 1937-ல், இந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். தலைப்பை நேராகச் சொன்னால் 'என் மண்டையோட்டைச் சுற்றி ஒரு பயணம்'. சிரிக்கச் சிரிக்க எழுதிய புத்தகம். பின்னாளில் நரம்பியல் நோயாளிகளின் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற ஆலிவர் சாக்ஸ், இதைச் சின்ன வயதில் படித்ததாகவும் தன் எழுத்தில் இதன் பாதிப்பு உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்.

காலண்டர் தாள்

இங்க கொஞ்சம் நம்ம ஊருக்கு வரேன். ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னு டாக்டர் வந்து சொன்னதும் நாங்க எல்லாரும் கதை முடிஞ்சதுன்னு நினைச்சோம். நிஜத்துல அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. சிறுமூளைதான் நடையையும் நிதானத்தையும் பார்த்துக்குது. அதுல கத்தி பட்டவங்களுக்கு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோறதே ஒரு வேலை. பெரியம்மா காபி டம்ளரை எடுத்தா கை ஆடும், புடவையில கொட்டும், உடனே பெரியப்பாவைத் திட்டுவாங்க.

பெரியப்பாவும் பெரியம்மாவும் நாற்பது வருஷமா சண்டை போட்டே குடும்பம் நடத்தினவங்க. நான் பெரிய ஆள் மாதிரி மாத்திரைக்கு ஒரு ஆப், நடைக்கு ஒரு ஸ்பிரெட்ஷீட் எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தேன். பெரியப்பா அதைத் திறக்கவே இல்ல. தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாள் இருக்கே, அதோட பின்பக்கத்துல பென்சிலால ஒரு நம்பர் எழுதுவார். சுவரைப் பிடிக்காம பெரியம்மா நடந்த அடிகள். முதல் நாள் 4. அடுத்த நாள் 4. அதுக்கு அடுத்த நாள் 2. ஒரு மாசம் கழிச்சு 31. அந்தத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு பீரோவுல வெச்சிருக்கார். பெரியம்மா இன்னைக்குத் தனியா மாடி ஏறி வத்தல் காயப்போடறாங்க.

கரிந்தியோட புத்தகம் நம்ம கைக்குக் கிடைச்சிருக்கு. அரங்கா அந்த நாட்களைத் தன் பக்கத்துலேருந்து புத்தகமா எழுதல. பக்கத்துல உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருந்தவங்களோட கணக்கு பெரும்பாலும் பீரோவுலயே தங்கிடுது.

பாதி வழியில் நின்ற கடிதங்கள்

இப்போ அந்த ஆறு படி விஷயத்துக்குத் திரும்புவோம். கரிந்தியின் கற்பனையை நாற்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராமும் ஜெஃப்ரி டிராவர்ஸும் சோதனையாகச் செய்து பார்த்தார்கள். நெப்ராஸ்காவிலும் பாஸ்டனிலும் 296 பேரைப் பிடித்து, முன்பின் தெரியாத ஒரு பங்குத் தரகருக்கு, தெரிந்தவர் வழியாகக் கைமாற்றி ஒரு ஆவணத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். 1969-ல் முடிவு வெளியானது. போய்ச் சேர்ந்தவற்றில் நடுவே இருந்தவர்கள் சராசரியாக 5.2 பேர். எல்லாரும் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2016-ல் ஃபேஸ்புக் தன் 159 கோடி பயனர்களை வைத்துக் கணக்குப் போட்டு, இப்போது அது வெறும் 3.57 என்றது.

ஆனா அதே 1969 கட்டுரையில இன்னொரு எண் இருக்கு. 296-ல் போய்ச் சேர்ந்தது 64 மட்டும்தான்.

மீதியெல்லாம் எங்க போச்சு? வழி இல்லாம இல்ல. வழியில யாரோ ஒருத்தர் அதை மேஜை மேல வெச்சுட்டு, அடுத்த ஆளுக்கு அனுப்பல. அவ்வளவுதான். நானும் எத்தனை ரத்தம் கேட்கிற மெசேஜைப் பார்த்துட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போயிருக்கேன்! கிராஃப்ல கோடு வரையிறது சுலபம். அந்தக் கோட்டுல ஒரு விஷயம் நகரணும்னா, நடுவுல இருக்கிற ஒவ்வொரு ஆளும் அன்னைக்கு அந்த நிமிஷம் எழுந்திரிக்கணும்.

கரிந்திக்கு எழுந்தார்கள். அதனால் அவருக்கு இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமாக வாழ்வு கிடைத்தது. அந்த அவகாசத்தில்தான் புத்தகம் எழுதினார். 1938 ஆகஸ்ட் 29 அன்று, பாலடான் ஏரிக்கரையில் உள்ள ஷியோஃபோக் ஊரில், பக்கவாதத்தால் திடீரென்று இறந்தார். வயது 51.

கதையை இங்கேயே முடிச்சிருந்தா எனக்கும் நல்லா இருந்திருக்கும். ஆனா அரங்காவை விட்டுட்டுப் போக முடியாது.

அரங்கா பேம் யூத வம்சாவளியைச் சேர்ந்தவர். 1944 மார்ச்சில் ஜெர்மனி ஹங்கேரிக்குள் படையோடு நுழைந்தது. மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டு வாரத்துக்குள், ஹங்கேரியிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். ரயிலில். பெரும்பாலானோர் ஆஷ்விட்ஸுக்கு. அந்த ஜூலையில்தான் ஸ்டாக்ஹோமிலிருந்து ரவுல் வாலன்பெர்க் புடாபெஸ்ட் வந்து சேர்ந்தார். ஸ்வீடன் பாதுகாப்புச் சீட்டுகளை எழுதிக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். 1936-ல் கரிந்தி போன அதே வழியில், எதிர்த்திசையில், ஒரு சங்கிலி வந்தது.

அது காப்பாற்றியவர்களில் அரங்கா இல்லை. அந்த ஆண்டு ஆஷ்விட்ஸில் அவர் இறந்தார்.

நாட்டுக்கே தெரிஞ்ச எழுத்தாளரோட மனைவி. டாக்டர். அவங்களுக்குத் தெரிஞ்சவங்க குறைவா என்ன? கணக்குப்படி பார்த்தா, காப்பாத்தக்கூடிய ஒருத்தர் அவங்களுக்கும் ஐந்து பேர் தள்ளித்தான் இருந்திருக்கணும்.

இதைப் படிச்ச அன்னைக்கு விடிகாலையில ஐசியூ கதவு திறந்து, பெரியப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாங்க. வெளிய வந்தவர், "திட்டுறா, நல்லா இருக்கா"ன்னு சொன்னார். நான் போனை எடுத்து பூந்தமல்லிப் பையனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். "பெரியம்மா கண்ணு முழிச்சிட்டாங்க." ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு: "சூப்பர் ப்ரோ. ஒரு ஓ நெகட்டிவ் கேட்டு வந்திருக்கு, போரூர்ல. நான் இப்போதான் கொடுத்தேன், என்னால முடியாது. உங்க குரூப்ல போடறீங்களா?"

போட்டேன். நடுவுல இருக்கிற ஆள் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சந்திப்போம். உடம்பைப் பார்த்துக்கோங்க.